மறந்த மொழியில் மொழிபெயர்த்தவர்

கியோர்கி எழுதிய இயோவானே – எக்வ்திமே வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரமாகிறது. சிறுவன் எக்வ்திமே சாகக் கிடக்கிறான். அப்பா இயோவானே ஒரு துறவி. பையன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்துவிட்டது. தேவமாதாவின் திருவுருவத்தின் முன் விழுந்து அழுகிறார். கடைசி நற்கருணை கொடுக்கப் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து பார்த்தால் அறை முழுக்க நறுமணம். பையன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். என்னடா நடந்தது என்று கேட்கிறார். ஓர் அரசி வந்தாள், ஜார்ஜிய மொழியில் என்னிடம் பேசினாள், கையைப் பிடித்தாள், உனக்கு ஒன்றுமில்லை எழுந்திரு என்றாள், இனி பயப்படாமல் ஜார்ஜிய மொழி பேசு என்று சொல்லிவிட்டுப் போனாள் என்கிறான்.

நோய், கண்ணீர், தரிசனம், குணம். எந்தப் புனிதர் கதையிலும் இதெல்லாம் வரும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் வராது. உடம்பு சரியானது கிட்டத்தட்ட ஒரு துணைச் செய்திபோல ஆகிவிடுகிறது. அற்புதம் என்று அப்பா சொல்லிச் சொல்லி மாய்வது இன்னொன்றை. அதுவரை ஜார்ஜிய மொழி அந்தப் பையன் நாவில் தடுமாறிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி எனக்கு எவ்வளவோ கவலை, அன்றிலிருந்து ஊற்றுநீர் மாதிரி நிற்காமல் வருகிறது, பிறவி ஜார்ஜியர்களைவிடத் தூய்மையாக வருகிறது என்கிறார். பார்வை திரும்பிய கதைகளும் கால் நடந்த கதைகளும் ஏராளமாகப் படித்திருக்கிறோம். தாய்மொழி திரும்பிய கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

எக்வ்திமேயைப் பற்றி இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கும். புத்தர் கதை ஐரோப்பாவுக்குப் போய்க் கிறிஸ்தவப் புனிதர் கதையானது இல்லையா, அந்தப் பயணத்தில் நடுவில் நின்ற ஆள் இவர். சுவாரசியமான தகவல்தான். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனிதரிடம் வந்தேன். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அவர் ஒரு தபால்காரர் ஆகிவிடுகிறார். இந்தியாவிலிருந்து வந்த கடிதத்தை ஐரோப்பாவில் சேர்த்தவர், அவ்வளவுதான். கியோர்கியின் நூலைப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். எனக்கு ஜார்ஜிய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாது. தமரா கிர்ட்செலிட்சே 2009இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த இரண்டு ஆதோஸ் துறவிகளின் வாழ்க்கை வரலாறுகள் வழியாகத்தான் இதற்குள் போனேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பற்றி இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எழுதியதை மூன்றாவது மொழிபெயர்ப்பாளர் தயவில் படிக்கிறோம் என்ற உணர்வு கடைசிவரை கூடவே இருந்தது.

பையனுக்குத் தன் மொழி எப்படி மறந்தது? எக்வ்திமே பிறந்தது ஏறத்தாழ 955இல். இயோவானே, தாவோ என்ற தென்மேற்கு ஜார்ஜிய நாட்டில் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர், அதன் அரசர் தாவித்திடம் மதிப்புள்ள பிரபு. (தாவோ இன்று துருக்கிக்குள் இருக்கிறது.) ஒருநாள் மனைவி, சொத்து, பதவி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாகப் போய்விட்டார். அதன்பிறகு பைசாந்தியப் பேரரசர் தாவோவின் பிரபுக்களிடம் அவர்கள் பிள்ளைகளைப் பிணையாகக் கேட்டபோது, இயோவானேயின் மாமனார் தன் பேரனையும் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அழைத்துப்போனார். செய்தி கேட்டு அப்பா ஓடிவந்தார். உன் பிள்ளைகள் இருக்கும்போது என் பிள்ளையை ஏன் பிணையாகக் கொடுத்தாய் என்று மாமனாரிடம் சண்டை. விவகாரம் பேரரசர் வரை போய், பையன் அப்பாவிடம் வந்து சேர்ந்தான். ஆனால் அதற்குள் கிரேக்கம்தான் அவனுடைய மொழியாகிவிட்டிருந்தது. பேரரசின் தலைநகரத்தில் வளர்ந்த பிள்ளை. படிப்பு, விளையாட்டு, கனவு எல்லாம் கிரேக்கத்தில்தான் இருந்திருக்கும். ஜார்ஜிய மொழி அவனுக்கு அப்பாவின் மொழி, அதுவும் அவனை விட்டுப் போயிருந்த ஓர் அப்பாவின் மொழி.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அற்புதத்தை மறுபடி படித்தால் அது சற்று வேறு மாதிரி ஒலிக்கிறது. நமக்கு அந்தக் கதையைச் சொல்வது அப்பா. பையன் மொழி பேசவில்லையே என்று கவலைப்பட்டவரும் அவர்தான். ஜுரத்தில் கிடந்த பிள்ளை, அப்பா மிகவும் ஆசைப்பட்டது எதுவோ அதையே தேவமாதாவின் வாயிலிருந்து கேட்டிருக்கிறான். நான் இதை உளவியலாக்கி அற்புதத்தைக் கரைத்துவிடப் பார்க்கவில்லை. அற்புதத்துக்குள் ஓர் அப்பாவின் ஆசை இருக்கிறது, அந்த ஆசையின் எடையை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமந்தான் என்றுதான் சொல்கிறேன். பிறகு கொஞ்ச பக்கம் தள்ளி, வளர்ந்த மகனைப் பார்த்து அப்பா சொல்கிறார்: நம் நாட்டில் புத்தகங்களுக்குப் பெரும் பஞ்சம், கடவுள் உனக்கு இந்த வரத்தைக் கொடுத்திருக்கிறார், உழை. மகன் உழைத்தார்.

எப்படி உழைத்தார் என்பதைக் கியோர்கி விவரமாகவே சொல்கிறார். பகலில் மடத்து வேலைகள். நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இயோவானே கடைசி ஆண்டுகளில் கீல்வாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார். 1005 வாக்கில் அவர் இறந்ததும் மடத்தின் தலைமை மகன் தோளில் விழுந்தது. அதனால் மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடந்தது. முதலில் முடித்த நூல்களைத் தாவித் அரசருக்கு அனுப்பியபோது, நம் காலத்தில் ஒரு புதிய கிறிசோஸ்தோம் தோன்றியிருக்கிறார் என்று மகிழ்ந்துபோய், இன்னும் இன்னும் அனுப்பு என்று திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினாராம். வாசகர் கடிதம் என்றால் அது வாசகர் கடிதம்!

வேலையின் அளவு மலைக்க வைப்பது. யோவான் கிறிசோஸ்தோம் எழுதிய மத்தேயு, யோவான் நற்செய்தி உரைகள். பாசில், நசியான்சுஸ் கிரகோரி, மாக்சிமுஸ் நூல்கள். துறவிகள் படிக்கும் 'ஏணி'. பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாடு அதுவரை ஜார்ஜிய மொழியில் இல்லை. செசரேயா அந்திரேயாவின் உரையோடு சேர்த்து அதை முதன்முதலில் கொண்டுவந்தவர் இவர். அதன் பிரதி ஒன்று 978ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அப்போது இவருக்கு இருபத்து மூன்று வயது இருக்கலாம். கியோர்கி தன் நூலுக்குள்ளேயே நீண்ட பட்டியல் போடுகிறார். வாழ்க்கை வரலாற்றின் நடுவில் நூற்பட்டியல்! புனிதரின் அற்புதங்களை வரிசைப்படுத்த வேண்டிய இடத்தில் புத்தகத் தலைப்புகளை வரிசைப்படுத்துகிறார். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த துணிச்சல் இதுதான்.

கியோர்கிக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. 1009இல் பிறந்தவர், எக்வ்திமே இறந்தபோது பத்தொன்பது வயது. அந்தியோக்கியாவுக்கு அருகே கருமலையில் இருந்த அவருடைய குரு, எக்வ்திமே விட்டுப்போன வேலையை நீ முடி என்று சொல்லித்தான் இவரை ஆதோஸ் மலைக்கு அனுப்பினார். வந்து பார்த்தால் இவிரோன் மடமே கொந்தளிப்பில் இருந்தது. அந்த மடம் பிறந்த கதை தனி. இயோவானேயின் உறவினர் தோர்னிகே, படைத்தலைவராக இருந்து துறவியானவர். பர்தாஸ் ஸ்க்லேரோஸ் கலகம் செய்தபோது பைசாந்திய அரண்மனை அவரைத் துறவிலிருந்து எழுப்பித் தூது அனுப்பியது. தாவித் அரசர் கொடுத்த 12,000 குதிரை வீரர்களோடு வந்து 979இல் கலகத்தை அடக்கினார். கையில் கிடைத்த செல்வத்தையும் பேரரசரின் நன்றியையும் வைத்து 980களில் எழுந்ததுதான் இவிரோன். 'ஐபீரியர்களின் மடம்' என்று பொருள். கிரேக்கர்கள் ஜார்ஜியாவை ஐபீரியா என்பார்கள். தோர்னிகே இறந்தபின் மனமுடைந்த இயோவானே, ஸ்பெயினிலும் ஐபீரியர்கள் இருக்கிறார்களாமே, அங்கே போய்விடலாம் என்று மகனோடு கப்பலேறிய கதையும் இந்த நூலில் இருக்கிறது. அபிதோஸ் துறைமுகம் வரை போய்விட்டார். அங்கே அதிகாரிகள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் சனமும் ஒன்று என்று நம்பிய அந்தக் கிழவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

எக்வ்திமே 1019இல் தலைமையை விட்டு விலகினார். அடுத்து வந்த தலைவர் 1029இல் பேரரசருக்கு எதிரான சதியில் பங்கு என்று குற்றம் சாட்டப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அந்தச் சந்தில் மடத்திலிருந்த கிரேக்கத் துறவிகள் மடமே எங்களுடையது என்று எழுந்தார்கள். 1040களில் கியோர்கி இந்த வரலாற்றை எழுதியபோது அந்தக் காயம் ஆறவில்லை. எந்த நிலம் எந்தப் பேரரசர் கொடுத்தது, யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள் என்றெல்லாம் அவர் கணக்கு வைப்பது அதனால்தான். பக்தி நூலுக்குள் ஒரு சொத்துப் பத்திரமும் இருக்கிறது.

அப்படிப் பார்த்தால் ஜார்ஜிய மொழி பேசு என்று தேவமாதா சொன்னதும் ஒரு பத்திரம்தானா? ஓரளவு ஆமாம். கிரேக்கர்களின் மலையில், கிரேக்கப் பேரரசின் நடுவில், எங்கள் மொழியும் வானத்தில் செல்லுபடியாகும் என்கிற கையெழுத்து அது. இந்த எண்ணம் கியோர்கியோடு தொடங்கியதும் அல்ல. 951இல் எழுதப்பட்ட ஹந்த்ஸ்தா கிரகோரியின் வாழ்க்கை வரலாற்றில் கியோர்கி மெர்ச்சுலே, எங்கெல்லாம் வழிபாடு ஜார்ஜிய மொழியில் நடக்கிறதோ அதெல்லாம் நம் நாடு என்று சொல்லியிருந்தார். எல்லைக்கோட்டை மன்னர்கள் போடுவதற்கு முன்பே மொழி போட்டுவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே எக்வ்திமே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம்மில் பலர் அதைத் தாண்டிக் குதித்துவிடுவோம்.

யூத அறிஞர் ஒருவர் சமய விவாதத்துக்கு வருகிறார். பெரியவர்கள் எக்வ்திமேயைப் பேச அனுப்புகிறார்கள். விவாதத்தில் தோற்கும் நிலையில் அந்த மனிதர் கிறிஸ்துவைப் பழித்துப் பேசுகிறார். அந்த வாய் அடைபடட்டும் என்கிறார் எக்வ்திமே. உடனே அவர் பேச்சற்று விழுகிறார். பிறகு இறந்தும்போகிறார். கியோர்கி இதை வெற்றிக் களிப்போடு சொல்கிறார். இடைக்காலக் கிறிஸ்தவ எழுத்தில் யூதர்கள் இப்படி வருவது வழக்கம்தான், அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு முடியவில்லை. காரணம் அந்த இரண்டு காட்சிகளும் ஒரே நூலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பிள்ளையின் நாவை வானம் அவிழ்த்துவிடுகிறது, இன்னொரு மனிதனின் நாவை வானம் கட்டிப்போடுகிறது. மொழியையே புனிதத்தின் மையமாக வைத்து எழுதிய கியோர்கிக்கு, தண்டனை என்று வந்தபோதும் மொழிதான் தோன்றியிருக்கிறது. மொழிப்பற்று நூல்களைப் படிக்கும்போது இந்த இரண்டாவது பக்கத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. எக்வ்திமேயை நேசிக்கிறேன் என்பதற்காக அதை மடித்து வைக்க நான் தயாரில்லை.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். எக்வ்திமே எப்படி மொழிபெயர்த்தார் என்ற கேள்வியில்தான் அவருக்கு அடுத்த தலைமுறையினருக்குச் சங்கடம். மனிதர் வெட்டுவார். சேர்ப்பார். ஓர் ஆசிரியரின் நூலில் நடுவே இன்னொருவரின் விளக்கத்தைச் சொருகுவார். நீளமான வாதத்தைச் சுருக்குவார். கிரேக்க மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் திடுக்கிட வைக்கும் இடங்கள் நிறைய. கியோர்கி இதற்கு நேர்மாறான ஆள். நற்செய்திகளையும் திருப்பாடல்களையும் கிரேக்கத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுத் திருத்தியவர். அவர் திருத்திய பாடம்தான் பிறகு ஜார்ஜியத் திருச்சபையின் பொதுப் பாடமாயிற்று. ஒப்பிடுபவர், சுதந்திரமாகப் பெயர்த்தவரின் வாழ்க்கையை எழுதுகிறார். ஒரு இடத்திலாவது முகம் சுளித்திருக்க வேண்டுமே என்று தேடினேன். இல்லை. இவரைப் போல் ஒருவர் நம் மொழியில் தோன்றியதில்லை என்ற வியப்பு மட்டும்தான். அது பணிவா, தந்திரமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மடத்தைக் காப்பாற்ற எழுதும் நூலில் நிறுவனரின் மகன் மேல் ஒரு கீறல் விழ விடுவாரா என்ன?

கேள்வியை வெளிப்படையாக எடுத்தவர் அடுத்த தலைமுறை எஃப்ரெம் ம்த்சிரே. 'சின்ன எஃப்ரெம்' என்று பொருள். கருமலையில் வேலை செய்தவர். கிரேக்கச் சொற்றொடரின் எலும்பைக்கூட ஜார்ஜிய மொழிக்குள் கொண்டுவர முயன்றவர், நிறுத்தக்குறி, ஓரக்குறிப்பு என்று இன்றைய பதிப்பாசிரியர் மாதிரி யோசித்தவர். கிரகோரியின் உரைகளை அவர் மறுபடி மொழிபெயர்க்க வேண்டிவந்தது. ஏற்கெனவே எக்வ்திமே செய்ததை ஏன் திரும்பச் செய்கிறாய் என்று கேட்பார்களே. முன்னுரையில் இதற்கு ஒரு சமாதானம் சொல்கிறார். எக்வ்திமேவுக்குத் தூய ஆவியின் அருள் இருந்தது, அதனால் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. தவிர, அந்தக் காலத்தில் நம் சனம் குழந்தையாக இருந்தது, அதற்குப் பாலும் கீரையும் ஊட்டினார், கடினமான உணவு அதற்குச் செரித்திருக்காது.

அழகான உவமைதான். இலக்கிய வரலாறுகளும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டன. எக்வ்திமே என்றால் 'எளிமைப்படுத்தியவர்', எஃப்ரெம் என்றால் 'துல்லியமானவர்' என்று ஒரு ஏணி போட்டுவிடுவார்கள். மொழி வளர வளர மொழிபெயர்ப்பும் முதிர்ந்ததாம். எனக்கு இந்தப் பால் உவமை மேல் நம்பிக்கை இல்லை. இதில் மரியாதைக்குள் ஒரு தட்டிக்கொடுத்தல் ஒளிந்திருக்கிறது. பெரியவர் நல்லவர்தான், ஆனால் அவர் வாசகர்கள் சின்னப் பிள்ளைகள், அதனால்தான் அப்படி, இப்போது நாம் வளர்ந்துவிட்டோம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய மொழிபெயர்ப்புகளைப் பற்றி இப்படித்தான் பேசுகிறது.

அந்த உவமை தவறு என்பதற்கு ஆதாரம் எக்வ்திமேயின் இன்னொரு வேலையிலேயே இருக்கிறது. அவர் ஜார்ஜிய மொழியிலிருந்து கிரேக்கத்துக்கும் மொழிபெயர்த்தார். அங்கேயும் கூட்டினார். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

நான் முதலில் சொன்ன புத்தர் கதை இதுதான். அரண்மனையில் துன்பம் தெரியாமல் வளர்க்கப்படும் இளவரசன், நோயாளியையும் முதியவரையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் துறக்கிற கதை. இந்தியாவிலிருந்து மேற்கே போய், அரபியில் 'பிலவ்ஹரும் பூதாசஃபும்' என்ற நூலானது. பூதாசஃப் என்பது போதிசத்துவர்தான். அரபி எழுத்தில் ஒரு புள்ளி கூடினால் பூதாசஃப் யூதாசஃப் ஆகிவிடும், ஆயிற்று. ஜார்ஜியர்கள் அதை எடுத்துக் கிறிஸ்தவக் கதையாக மாற்றி 'பலவரியானி' ஆக்கினார்கள், இளவரசன் இயோதசஃப் ஆனான். அதிலிருந்து கிரேக்கத்தில் 'பர்லாமும் இயோவாசஃபும்'. கிரேக்கத்திலிருந்து 1048இல் கான்ஸ்டான்டிநோபிளில் இலத்தீன், இலத்தீனிலிருந்து ஐரோப்பிய மொழிகள் கிட்டத்தட்ட அத்தனையும். இயோசபாத் என்ற பெயரில் போதிசத்துவருக்குக் கத்தோலிக்க நாட்காட்டியில் நவம்பர் 27 ஒதுக்கப்பட்டது.

ஜார்ஜியக் கதையையும் கிரேக்கக் கதையையும் அடுத்தடுத்துப் படித்தால் (டேவிட் மார்ஷல் லாங் 'பலவரியானி'யை 1966இல் ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்) வித்தியாசம் முகத்தில் அறைகிறது. ஜார்ஜியக் கதை சுருக்கமானது, கதைக்குள் கதை, வேகம், ஓரளவு நாட்டுப்புறக் கதையின் நறுக்குத்தெறிப்பு. கிரேக்கத்தில் அது பல மடங்கு பருத்துவிட்டது. பைபிள் மேற்கோள்கள், திருச்சபைத் தந்தையரின் வரிகள், நீண்ட நீண்ட போதனைகள். பாழுங்கிணற்றில் கொடியைப் பிடித்துத் தொங்குபவன் தேன் துளிக்கு நாக்கை நீட்டுகிற கதை நமக்குத் தெரியும், மகாபாரதத்தின் ஸ்த்ரீ பர்வத்தில் இருக்கிறது. அங்கே வருவது யானை. கிரேக்கத்தில் அந்த மனிதனைத் துரத்துவது ஒற்றைக்கொம்பு விலங்கு. கதையின் உச்சத்தில், அரசவையில் மத விவாதம் நடக்கும்போது ஒரு பாத்திரம் நீளமாகப் பேசுகிறது. அந்தப் பேச்சு எழுதியவருடைய சொந்தச் சரக்கு என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1889இல் சீனாய் மலை மடத்தில் ரெண்டல் ஹாரிஸ், இரண்டாம் நூற்றாண்டு அரிஸ்டைடிஸின் 'விண்ணப்பம்' நூலைச் சிரியாக் மொழியில் கண்டெடுத்தார். அதன் கிரேக்க மூலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டது. ஆர்மிடேஜ் ராபின்சன் அதைப் படித்தபோது, இதை ஏற்கெனவே கிரேக்கத்தில் படித்திருக்கிறோமே என்று பொறிதட்டியது. ஆமாம், பர்லாம் கதையில் அந்தப் பாத்திரம் பேசுகிற பேச்சேதான். ஒரு பழைய நூலை அப்படியே எடுத்துக் கதாபாத்திரத்தின் வாயில் வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

நீண்ட காலம் இந்தக் கிரேக்க நூல் தமஸ்கு யோவான் எழுதியதாகவே சொல்லப்பட்டது. பல கையெழுத்துப் பிரதிகளின் தலைப்பில், எத்தியோப்பியரின் உள்நாடான இந்தியாவிலிருந்து புனித சபா மடத்துத் துறவி யோவான் கொண்டுவந்தது என்றுதான் இருக்கிறது. எக்வ்திமேயின் பெயர் வரும் பிரதிகள் கொஞ்சம். ராபர்ட் ஃபோல்க்கின் பதிப்பு (2006, 2009) வந்தபின் எக்வ்திமே பக்கம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டார்கள்.

இப்போது எஃப்ரெமின் சமாதானத்தைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம். கிரேக்க வாசகர்கள் குழந்தைகளா? பைசாந்தியத்தின் படித்த துறவிகளுக்குப் பாலும் கீரையும் வேண்டியிருந்ததா? பாசிலையும் கிரகோரியையும் மூலத்திலேயே படிப்பவர்களுக்கு அவர்களுடைய வரிகளையே திரும்பப் பொதித்துக் கொடுத்திருக்கிறார் எக்வ்திமே. ஆக வாசகரின் தரத்துக்கும் இவருடைய வெட்டல் ஒட்டலுக்கும் தொடர்பு இல்லை. இரண்டு திசையிலும் ஒரே ஆள், ஒரே பழக்கம். ஜார்ஜியனுக்குக் கொடுக்கும்போது குறைத்தார், கிரேக்கனுக்குக் கொடுக்கும்போது நிறைத்தார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

என் ஊகம் இது. இரண்டு மொழியிலும் முழுக்க வீட்டுக்காரனாக இல்லாத ஒருவருக்குத்தான் இந்தத் துணிவு வரும். பிறவியிலேயே ஒரு மொழிக்குள் இருப்பவன் மூலநூலைக் கல்வெட்டு மாதிரி பார்க்கிறான். எக்வ்திமேவுக்குக் கிரேக்கம் சிறைப்பட்ட ஊரின் மொழி. ஜார்ஜியம் நோய்ப்படுக்கையில் வந்த மொழி. இரண்டுமே தனக்குக் கொடுக்கப்பட்டவை என்று தெரிந்த மனிதர். ஒரு மொழியில் இருப்பவனுக்கு இன்னொரு மொழியில் எது போய்ச் சேராது என்பது அவருக்கு உடம்பால் தெரியும், சின்ன வயதில் அப்பா பேசியது அவருக்கே போய்ச் சேராமல் இருந்திருக்கிறதே. எஃப்ரெமுக்கும் கியோர்கிக்கும் கிரேக்கம் கற்ற மொழி. கற்றவர்கள் துல்லியத்தை நாடுவார்கள். இழந்து பெற்றவர் போய்ச் சேர்வதை நாடினார். துல்லியம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, எஃப்ரெம் இல்லாமல் ஜார்ஜியத் தத்துவமொழி இல்லை. இரண்டும் ஒரே ஏணியின் மேல்படி கீழ்ப்படி என்பதைத்தான் மறுக்கிறேன்.

கியோர்கி மேல் எனக்கு இருக்கிற பெரிய குறையும் இங்கேதான். உலகம் முழுக்கப் போன அந்தக் கிரேக்க வேலைக்கு அவர் ஒதுக்கியது போகிற போக்கில் ஒரு வரி. பலஹ்வரியையும் அபுகுராவையும் வேறு சிலவற்றையும் ஜார்ஜியத்திலிருந்து கிரேக்கத்துக்குப் பெயர்த்தார், அவ்வளவுதான். கிரேக்கத்திலிருந்து வந்தவற்றுக்கு நீண்ட பட்டியல், கிரேக்கத்துக்குப் போனதற்கு ஒரு வரி. நம் மொழிக்கு என்ன சேர்ந்தது என்று மட்டுமே கணக்கெடுக்கும் கண் அது. தன் மொழியின் வறுமையைப் பற்றிக் கவலைப்படும் எல்லாச் சமூகங்களும் இப்படித்தான் கணக்கெடுக்கின்றன. உள்ளே வருவது கொடை, வெளியே போவது சும்மா. அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிற்கால ஆய்வாளர்கள் தமஸ்கு யோவானிடமிருந்து நூலை மீட்டு எக்வ்திமேவிடம் கொடுக்க முடிந்தது என்பது வேறு விஷயம். கியோர்கி அதையும் எழுதாமல் விட்டிருந்தால் நாம் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

இன்னொன்றும் அந்த நூலில் இல்லை. எக்வ்திமே என்ன நினைத்தார்? இத்தனை இரவுகள், இத்தனை மெழுகுவர்த்திகள். தனியாக இருக்கும்போது எந்த மொழியில் ஜெபித்தார்? ஒரு சொல்லுக்கு இரவெல்லாம் தவித்த கதை ஒன்றாவது? கியோர்கியும் மொழிபெயர்ப்பாளர், அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் வாழ்க்கை வரலாறு என்ற அந்த வடிவத்தில் புனிதர் தவிக்கக் கூடாது. ஊற்றுபோல வந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு எப்போதும் ஊற்றுபோலத்தான் வர வேண்டும். அற்புதம் அங்கே உழைப்பை மறைத்துவிடுகிறது.

சாவு மட்டும் எந்த மறைப்பும் இல்லாமல் வருகிறது. 1028இல் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்தார். கோவேறு கழுதையில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் கிடந்த பிச்சைக்காரர் ஒருவர் தர்மம் கேட்டு எழுந்தார். கழுதை மிரண்டு இவரைக் கீழே தள்ளியது. அந்த அடியில் மே 13 அன்று இறந்தார். சின்ன வயதில் பிணையாக வந்து சேர்ந்த அதே நகரம். உடலை ஆதோஸுக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் பெயர்த்தவற்றில் மாக்சிமுஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 'கன்னி மரியாளின் வாழ்க்கை'யும் ஒன்று. அதன் கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. எக்வ்திமேயின் ஜார்ஜிய வடிவம் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. 1986இல் மிஷேல் வான் எஸ்புரூக் அதைப் பதிப்பித்துப் பிரெஞ்சில் தந்தார், 2012இல் ஸ்டீபன் ஷூமேக்கர் ஆங்கிலத்தில் தந்தார். அது உண்மையில் மாக்சிமுஸ் எழுதியதுதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வேறொரு சந்தேகம்தான் வந்துகொண்டே இருந்தது. சிலுவையடியில் மரியாள் புலம்பும் பக்கங்கள் அதில் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் எந்த வரி மூலத்தில் இருந்தது, எந்த வரி இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இவர் சேர்த்தது? ஒப்பிட்டுப் பார்க்கக் கிரேக்கம் இல்லை. எஃப்ரெமே எழுந்து வந்தாலும் திருத்த முடியாது.